குழாயைப் பிடித்தவள்

இறந்துபோன அஸும்போகாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் ஊர் அடிபம்பு நின்றுபோனது தெரிந்தது. கைப்பிடி கனமே இல்லாமல் இறங்கியது, தண்ணீர் ஏறவில்லை. உள்ளே தோல் வாஷர் தேய்ந்தால் அப்படித்தான். தண்ணீரை ஏந்திக்கொண்டு வரும் உள்ளங்கை அது. கிழிந்துவிட்டால், ஏந்தியதெல்லாம் கீழேயே வழிந்துவிடும்.

"குளத்துல மொண்டுட்டு வாங்க. வெயில் ஏறுது, பொணம் தாங்காது," என்றான் அவள் கொழுந்தன் அபுக்ரே.

"அந்தத் தண்ணி அவ மேல படக் கூடாது," என்றேன்.

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்துத்தான் அவள் மகளுக்கு நரம்புச் சிலந்தி வந்தது. காலைத் துளைத்துப் புழு வெளியேறிய புண் புரையோடி, பிள்ளை போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அஸும்போகா என்னையும் இழுத்துக்கொண்டு போல்கா டவுனுக்குப் போய்ப் பம்பு வேலை பழகினாள். அதுவரை எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் ஸ்பானரைத் தொட்டதில்லை. "பொம்பள தொட்டா கெணறு வத்திடும்" என்று சிரித்தவர்களில் அவள் கணவர் அகோல்கோவும் உண்டு. இப்போது சுற்றுவட்டாரத்தில் எந்தப் பம்பு நின்றாலும் எங்களைத்தான் தேடி வருகிறார்கள். பிள்ளைகளின் கால்களில் புழு இல்லை.

வாஷரை மாற்ற, குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும். ஒருத்தி கீழ்க்குழாயைக் கிளாம்பால் கவ்விப் பிடிப்பாள். மற்றவள் மேல்குழாயைத் திருகிக் கழற்றுவாள். பிடி நழுவினால் மொத்தமும் ஆழத்தில் விழுந்து கிணறே போய்விடும். அதனால் பிடித்ததும் அஸும்போகா "இருக்கேன்" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் ஸ்பானரைத் திருப்புவேன்.

"இப்ப யாரு புடிப்பா? அவளையே எழுப்பிக் கூட்டிட்டு வரப் போறியா?" என்றான் அபுக்ரே.

வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்த அகோல்கோ எழுந்து வந்தார்.

"நான் புடிக்கிறேன். தூரத்துல நின்னு எத்தனையோ தடவ பாத்திருக்கேன்."

நாலைந்து பேர் இழுக்க, முதல் குழாய் மேலே வந்தது. அகோல்கோ கிளாம்பை அழுத்தினார். நான் ஸ்பானரை மாட்டிவிட்டு அப்படியே நின்றேன்.

"திருப்பு தங்கச்சி. ஏன் நிக்கிற?"

"அவ ஒரு வார்த்த சொல்லுவா அண்ணே. ‘இருக்கேன்’னு."

அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவருடைய கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு திருப்பினேன்.

புது வாஷர் அவளுடைய ஸ்பானர் பெட்டியில் இருந்தது. தோல் இறுகாமலிருக்க ஷியா மரக்கொட்டை வெண்ணெய் தடவி வைத்திருந்தாள். வீட்டுக்குள்ளே அவள் உடம்பில் பூசவும் அதே வெண்ணெய்தான் காத்திருந்தது.

வாஷரை மாற்றி, குழாய்களை இறக்கிப் பூட்டி, கைப்பிடியை அடித்தேன். முதலில் துரு நிறத்தில் வந்தது. தெளியும்வரை அடித்தேன். பெண்கள் தண்ணீரைத் தலையில் ஏற்றிக்கொண்டு, குளத்துப் பாதையைத் தாண்டி வீட்டுக்குள் போனார்கள்.

அகோல்கோ மட்டும் ஈரமண்ணில் குந்தியிருந்தார். குழாய் இல்லாத கிளாம்பை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

"விடுங்க அண்ணே. முடிஞ்சிடுச்சு."

"இருக்கேன்," என்றார்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கத் தொடங்கியது.