கை ஆற வேண்டிய பதினெட்டு நாள்

நாமக்கல் லாரிப் பட்டறையில் செல்லாயிக்கு வேலை, பெயின்ட்டும் கிரீசும் அப்பிய இரும்புச் சாமான்களை, பெயின்ட்டைக் கரைக்கிற தின்னர் தொட்டியில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவுவது. ஆறு வருஷமாக வெறுங்கையால்தான் கழுவினாள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரலிடுக்கில் தண்ணீர் பட்டாலே உயிர் போகும். அவளும் கவலைப்படவில்லை, பட்டறைக்காரரும் கவலைப்படவில்லை. கைதானே, யார் கேட்கப்போகிறார்கள்.

கேட்கிற காலம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு போடுகிறார்கள், சமைக்க ஆள் எடுக்கிறார்கள், புருஷன் இல்லாதவர்களுக்கு முதலிடம் என்று ஊரெல்லாம் பேச்சு. செல்லாயியின் புருஷன் லாரியில் போய்ப் பிணமாக வந்தவன். மனுப் போட்டாள். அன்றிலிருந்து பதினெட்டாம் நாள் நேரில் வரச்சொல்லிக் கடுதாசி வந்தது.

அதைப் படித்துச் சொன்ன பக்கத்து வீட்டு வசந்தாமணி, ஒரு டாக்டரிடம் நர்ஸ். செல்லாயியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சோறாக்குகிறவளிடம் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள், தின்னரைத் தொடாமலிருந்தால் அதற்குள் ஆறிவிடும் என்றாள். தொடாவிட்டால் அதுவரை எதைச் சாப்பிடுவது என்றாள் செல்லாயி. மறுநாள் வசந்தாமணி, ஒருதரம் போட்டு எறிகிற மெல்லிய ரப்பர் கையுறை நாலு ஜோடி கொண்டுவந்தாள்.

"ரத்தமே உள்ள போகாதுங்கக்கா. தின்னர் எப்படிப் போகும்?"

நல்ல மனசுக்காரி. தெரியாமல்தான் சொன்னாள்.

முதல் நாள் காலையில் செல்லாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கை நனையவே இல்லை. மத்தியானத்துக்குள் உறை ஊறிப் பெருத்து விரல் நுனியில் தொங்கியது, உள்ளேயும் ஈரம். மணிக்கட்டு வழியாக இறங்கியிருக்கும் என்று நினைத்து, மறுநாள் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒரே நாளில் எறியவும் மனசு வரவில்லை. பொருளை எறிகிற பழக்கம் அவள் வம்சத்திலேயே கிடையாது. ஒரு ஜோடியை உலர்த்தி, பவுடர் தூவி, ஐந்து நாள் போட்டாள். உள்ளே தீயாக எரிந்தது. ஆறுகிற புண் அப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள், பக்கத்துப் பஞ்சர் கடைக் கைலாசம் அவள் விரல் நுனியில் உறை தொங்குவதைப் பார்த்தார். ஒரு டியூப் துண்டை வெட்டி அவளுடைய தொட்டியில் போட்டார். டீ குடித்துவிட்டு வந்து எடுத்துக் காட்டினார். துண்டு உப்பிக் கொழகொழவென்று இருந்தது.

"டியூப்பே தாங்கல அம்மிணி, காயிதமாட்ட இருக்கறது தாங்குமா? மேல இருந்து எறங்கலீங் கண்ணு, ரப்பரு வழியாவே பூந்து வருது. நீ கட்டிப்போட்டு உள்ளயே நிறுத்திவெச்சிருக்கறே."

ரப்பரைப் பெட்ரோலில் கரைத்த பசையை அவர் தடவுவதை ஆறு வருஷமாகப் பார்த்தவள்தான் அவள். பார்த்து என்ன பிரயோசனம், புத்தியில் ஏறவில்லையே. கயிற்றை அவிழ்த்து உறையை உரித்தபோது தோலும் கூடவே வந்தது.

மூன்று நாளில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் என்ன செய்துவிடும்? நேரில் போனபோது நூறு பிள்ளைக்கு எத்தனை படி அரிசி என்று அதிகாரி கேட்டார். டக்கென்று சொன்னாள். அவருக்குத் திருப்தி. கையைக் காட்டச் சொன்னார். காட்டினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"தொத்து நோவு இல்லீங்க சாமி. தின்னருங்க. தொடாம இருந்தா ஆறிப்போயிருமுங்க."

அப்படியானால் தொடாமலிருந்து, ஆறியபிறகு அடுத்த தடவை வா என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்தவள் பேரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு வேலை.

மறுநாள் வசந்தாமணி பட்டறைக்கே வந்தாள். வேலை கிடைக்கவில்லை என்று கேட்டுக் கண் கலங்கி, தேடிப் பிடித்ததென்று இன்னும் நாலு ஜோடி நீட்டினாள். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லச் செல்லாயிக்கு வாய் வரவில்லை. நன்றாக இருப்பாய் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் தலை மறைந்ததும் தொட்டியருகே உட்கார்ந்தாள். வெறுங்கையில் பட்டது காற்றில் காய்ந்தாவது போகும். முதலில் வலது கையை விட்டாள், பிறகு இடது கையை.