பள்ளத்தில் இறங்கிய தலைமையாசிரியை

பஸ் ரிப்பேர் செய்த பழைய கொட்டகை அது. ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, ஆசிரியர்களுக்கு இலவசப் பயிற்சி தரும் இடமாக மாற்றிக்கொண்டிருந்தது. தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வரைபடம் போட்டவள் அவருடைய அண்ணன் மகள். தனியாகச் செய்யும் முதல் கட்டடம்.

கூடத்தின் நடுவே, மெக்கானிக் இறங்கி நின்று பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்க்கிற பள்ளம்.

"இதை மூடி மேடை கட்டாம என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"பாடம் நடத்துறவங்க இதுக்குள்ள நிக்கணும் அத்தை. கேக்குறவங்க சுத்தி மேல உக்காருவாங்க. வாத்தியார்னா உசரத்துல நிக்கணும்கிற நெனப்பு போகணும். இதை மூடிட்டா என் டிசைனே இல்லை."

"முப்பத்தாறு வருஷம் மேடையில நின்னவளைக் குழியில இறக்கப் பாக்குறியா?"

கொத்தனாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு லோடு மண்ணு வாசல்லயே கெடக்குதும்மா. தலையாட்டுங்க, மதியத்துக்குள்ள மூடிடுறேன்."

"நீங்க வேற, சும்மா இருங்கண்ணே! அத்தை, ஒரே ஒரு தடவை இறங்கி நடத்திப் பாருங்க. பிடிக்கலேன்னா மூடிடலாம். நான் வாயே திறக்க மாட்டேன்."

மறுநாள் பன்னிரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். பள்ளத்தைச் சுற்றி மேஜை, பெஞ்சு. தலைவி முந்தானையைச் செருகிக்கொண்டு படியிறங்கினார். மேலே தலை மட்டும்தான் தெரிந்தது.

"வகுப்பறையில் கவனம்" என்று ஆரம்பித்தார். ரெண்டே நிமிஷம். பேச்சு நின்றுவிட்டது. மேஜைகளுக்கு அடியில் பார்த்தபடி தலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"நீலச் சட்டை, மடியில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

"ஒண்ணுமில்லாததுதான் இப்படி மினுங்குதா? கணக்கு டீச்சர், ஒரு கையில நோட்ஸு, ஒரு கையில சாட்டிங்கா? எடுத்து மேல வைங்க. எல்லாரும்!"

ஒன்பது போன்கள் மேஜைக்கு வந்தன.

"அடியே, இத்தனை வருஷமா மூஞ்சியைப் பாத்தே ஏமாந்திருக்கேன்டி! கொத்தனாரே, மண்ணை வேற எங்கயாவது கொட்டுங்க. பக்கத்து ரெண்டு ரூம்லயும் இதே மாதிரி தோண்டிடுங்க."

"அத்தை, நான் இதுக்காகப் போடலை. வாத்தியாருக்குப் பணிவு வரணும்னுதான்..."

"வந்திருச்சே! நீயே பாரு."

பன்னிரண்டு வாத்தியார்களும் கைகட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பள்ளத்திலிருந்த தலை அண்ணன் மகள் பக்கம் திரும்பியது. அவளும் கையைக் கட்டிக்கொண்டாள்.