இடது மார்புக் கிழிசல்

அந்த நீலக் கம்பளிக் கோட்டை விளக்குக்கு அடியில் விரித்துப் போட்டு, பெர்லா ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம், காலர் மடிப்பை ஒட்டி ஆரம்பித்து மார்பு வரை இறங்கிய கிழிசல். அதன் மேல் கறுப்பு நூலில் கோணல்மாணலாக ஏழெட்டுத் தையல். ஒன்று நீளம், ஒன்று குட்டை. துணியின் இரண்டு ஓரமும் சரியாகச் சேரவே இல்லை, நடுவில் லைனிங் எட்டிப் பார்த்தது.

"யாரு தச்சா இத? காலால தச்சிருப்பாளோ?"

நெல்லி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். "தச்சவளுக்கு ஊசி மேல ஏதோ கோவம் போல, தோன்யா."

நெல்லி பராகுவேக்காரி. பதினோரு வருடமாக இந்தக் கடையில் இஸ்திரியும் பட்டனும் அவள் பொறுப்பு. முதலாளியம்மாவை மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடுவாள். திங்கட்கிழமை பெர்லா துணி எடுக்க ஓன்ஸே கடைத்தெருப் பக்கம் போயிருந்தபோது, யூதப் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் அரியேலா வந்து கோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய துணி விற்கிற ஒரு பெண்ணிடம் வாங்கியதாம். காலருக்குள்ளே லினன் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், கிழிசலில் நூல் தளர்ந்திருக்கிறது, அதற்குச் சும்மா ரெண்டு ஓட்டுத்தையல் போட்டால் போதும், ரொம்ப நன்றாகத் தைக்க வேண்டாம். நெல்லி இதையெல்லாம் அப்படியே ஒப்பித்தாள்.

பெர்லாவுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் சம்பளத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கிறாள். நல்ல கம்பளி. வெட்டும் நல்ல வெட்டு. யாரோ பழைய நீளக் கோட்டை இடுப்போடு குட்டையாக்கி, பக்கவாட்டை உள்ளே பிடித்து, பெரிய மரப் பட்டன் வைத்திருக்கிறார்கள். உடம்பை மூடிய உடுப்புக் கேட்டுத் தன் கடைக்கு வருகிறவர்களுக்கு இப்படி வெட்டித்தர முடியாது. ஆனாலும் வெட்டியவளுக்குக் கண் இருக்கிறது. இவ்வளவு நறுவிசாகக் கத்தரி பிடிக்கிறவள் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் சின்னப் பிள்ளை மாதிரித் தைத்திருக்கிறாள் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை அவள் அங்கேயே விட்டுவிட்டாள்.

காசு வாங்காமலே ரஃபு செய்து கொடுப்பது என்று முடிவு செய்தாள். கோட்டின் உள்மடிப்பிலிருந்து அதே கம்பளி நூலை ஒவ்வொன்றாக உருவி, மெல்லிய ஊசியில் கோத்து, கிழிந்த இடத்தில் ஒரு இழை மேலே ஒரு இழை கீழே என்று நெய்யத் தொடங்கினாள். செவ்வாய் முழுக்க, புதன் பாதி. இந்த வட்டாரத்தில் ஃப்ளோரஸிலிருந்து ஓன்ஸே வரைக்கும் இப்படி ரஃபு செய்ய வேறு கை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். முடித்துவிட்டு ஈரத்துணி போட்டு ஆவி காட்டியபோது, கிழிசல் எங்கே இருந்தது என்று நெல்லியால் காட்ட முடியவில்லை.

ஊசி வேலை செய்யும்போது கைக்குத்தான் வேலை. மனசு வேண்டாத இடத்துக்கெல்லாம் போகும். அந்த வெட்டைப் பார்த்ததிலிருந்து பெர்லாவுக்குச் சரீனா நினைப்பாகவே இருந்தது.

சரீனா அவளுக்கு ஒரே மகள். பத்து வயதிலேயே கடை பில் புத்தகத்தின் பின்பக்கம் உடுப்பு வரைவாள். முழங்காலுக்குக் கீழே பாவாடை, முழங்கை மூடிய கை என்று சட்டதிட்டத்துக்குள்ளேயே எத்தனை விதம். மூடுவதென்றால் அழகாக மூடலாமே என்று பெர்லா வாடிக்கையாளர்களிடம் சொல்லும் பேச்சு, உண்மையில் மகளைப் பார்த்துக் கற்ற பேச்சு. பிறகு உடுப்பு வடிவமைக்கும் படிப்புக்குப் போனாள். கை குட்டையாயிற்று. பாவாடை கால்சட்டையாயிற்று. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கடை நிறையப் பெண்கள் நிற்கும்போது, கையில்லாத சட்டையோடு உள்ளே வந்தாள். மூன்று கல்யாணத்துக்குத் துணி தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெரிய வீட்டம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தக் கண்ணைத் தாழ்த்தியதுதான் பெர்லாவைச் சுட்டது.

"இந்த உடுப்போட என் வாசல்ல நிக்காத," என்றாள் எல்லார் காதிலும் விழ.

சரீனா மாடிக்குப் போய் ஒரு பையோடு இறங்கிப் போனாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பெர்லாவின் கணவன் நீசிம் ரொட்டியைத் தொடவில்லை. சத்தம் போடத் தெரியாத மனுஷன். "கடவுளும்தான் முதமுதல்ல படைச்ச அந்த ரெண்டு பேரயும் தோட்டத்த விட்டு அனுப்பினாரு," என்றான். "ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி உக்காந்து அவங்களுக்கு உடுப்புத் தச்சுக் குடுத்துத்தான் அனுப்பினாரு. தையக்காரி நீ. உனக்கு இது தெரிய வேணாமா?"

மூன்று வருடம் முன்பு, இந்த ஊரில் குளிர்காலமான ஜூன் மாதத்தில், நீசிம் போய்ச்சேர்ந்தான். பெர்லா மகளின் பழைய நம்பருக்கு மூன்று தடவை செய்தி விட்டாள். அடக்கம் மறுநாள் காலையிலேயே. சரீனா வரவில்லை.

துக்கத்தில் உடுப்பைக் கிழிக்கும்போது கத்தரியால் முதல் வெட்டை இன்னொருத்தி போட வேண்டும், மீதியைத் துக்கப்பட்டவள் தன் கையால் கிழிக்க வேண்டும். இந்தச் சமூகத்துப் பெண்களுக்கு அந்த முதல் வெட்டைப் போட வருகிறவள் பெர்லாதான். தையல்காரி என்பதால் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனையோ மகள்களின் இடது மார்பில் அவள் கத்தரி வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு வேறொருத்தி வெட்டினாள், வலது பக்கம், கணவனுக்கு என்பதால். முப்பது நாள் கழிந்ததும் அந்தச் சட்டையை அவளே நன்றாகத் தைத்துக்கொண்டாள். கணவனுக்குக் கிழித்ததைத் தைக்கலாம். அப்பா அம்மாவுக்குக் கிழித்ததை என்றைக்கும் சீராகத் தைக்கக் கூடாது. கோணலாக நாலு தையல் போட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். விற்றாலும், வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

அப்பாவுக்காக என் மகள் ஒரு நூலைக்கூடக் கிழிக்கவில்லை என்று பெர்லா கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். கேட்காதவர்களிடமும்.

வியாழக்கிழமை காலையில் காலரைப் பிரித்தாள். கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேரக் கூடாது என்பது வேதக் கட்டளை. கடைக் கோட்டுகளில் காலரை விறைப்பாக்க உள்ளே லினன் வைத்துவிடுவார்கள். அதனால் பழைய கோட்டு வாங்குகிறவர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். நாலு தையலை வெட்டி, விரலை உள்ளே விட்டுத் திருப்பினாள்.

லினன் இல்லை. பருத்தி. வெள்ளையில் நீலக்கோடு போட்ட, துவைத்துத் துவைத்து மெலிந்த சட்டைத் துணி.

நீசிமின் சட்டை அது. ஏழு வருடத்துக்கு முன்னால், சரீனாவின் முதல் வருடப் படிப்புக்கென்று தைத்த நீளக் கோட்டில், காலருக்குள் கேன்வாஸுக்குப் பதிலாக இந்தச் சட்டையின் முதுகை வெட்டி வைத்தது அவளேதான். அப்பா உன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று வேடிக்கையாகச் சொன்னது கூட நினைவிருந்தது.

பெர்லா கோட்டைத் திருப்பி இடது மார்பைப் பார்த்தாள். தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் கறுப்பு நூல் துண்டுகளைப் பொறுக்கி மேசை மேல் வைத்தாள். எட்டுத் துண்டு. தெரிந்தே, வேண்டுமென்றே கோணலாகத் தைத்த கை. எல்லாரும் கல்லறைக்குப் போகும்போது கிழித்தால் பரவாயில்லை என்று ஒரு பழைய ஸ்வெட்டரையோ சட்டையையோ மாட்டிக்கொண்டு போவார்கள். கம்பளிக் கோட்டை யாரும் கிழிப்பதில்லை. அதனால்தான் பார்த்ததும் புரியவில்லை என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது ஒரு சமாதானமாகவே இல்லை.

முதல் வெட்டை யார் போட்டிருப்பார்கள்? ஏதோ ஒரு வாடகை அறையில், துணைக்கு ஒருத்தியும் இல்லாமல், கண்ணாடி முன்னால் நின்று தானே போட்டுக்கொண்டாளா?

நெல்லி அந்த நீலக்கோடு போட்ட சட்டைத் துணியைப் பார்த்தாள், பெர்லா முகத்தைப் பார்த்தாள், கடைக் கதவில் மூடியிருக்கிறது என்ற அட்டையைத் திருப்பி மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அரியேலா ரொட்டிப் பையும் கையுமாக அவசரமாக வந்தாள். பெர்லா கோட்டை எடுத்து வைத்தாள். அந்தப் பெண் இடது பக்கம் தேடினாள், வலது பக்கம் தேடினாள். முகம் மாறியது. இது விற்றவள் தன் அப்பாவுக்காகக் கிழித்தது, அதனால்தான் நன்றாகத் தைக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன் என்றாள். நெல்லி, தான் அப்படியே சொன்னதாகவும், இவர்கள் விஷயம் தனக்கு என்ன தெரியும் என்றும் முணுமுணுத்தாள்.

"அவ மேல தப்பு இல்ல கண்ணு. என் கைத்திமிரு," என்றாள் பெர்லா. "வித்தவ வேற என்ன சொன்னா?"

"சாமானெல்லாம் வித்துக்கிட்டிருக்கா. இந்த மாசக் கடைசியில ஸ்பெயினுக்குப் போறாளாம். இந்த ஞாயித்துக்கிழமதான் கடைசி." அரியேலா யோசித்தாள். "காலர்ல லினன் இருக்கான்னு பாக்கணும்னேன். அதுக்குச் சிரிச்சா. பாக்கவே வேணாம், எங்கம்மா தச்சதுன்னா. எனக்குத்தான் மனசு கேக்காம இங்க கொண்டாந்தேன்."

பெர்லா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பஸ் ஒன்று நின்று கிளம்பியது.

"நல்லா இருக்காளா?"

"யாரு?"

நெல்லிதான் சொன்னாள். "அவங்க மக."

அரியேலா ரொட்டிப் பையைக் கீழே வைத்தாள். முடியை ரொம்பக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறாள் என்றாள். பிறகு, "மூக்கெல்லாம் செவந்திருந்துச்சு, தோன்யா. அந்தக் குளிர்ல மேல கோட் இல்லாம நின்னா. இருந்த ஒண்ணத்தான் எங்கிட்ட வித்துட்டா போல," என்றாள்.

அந்தக் கோட்டு தனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னபோது பெர்லா மறுக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து அவளுக்குத் தோளும் கையும் மார்பும் அளந்து எழுதிக்கொண்டாள். புதுசு தைத்துத் தருகிறேன் என்றாள்.

ஞாயிறு காலை, சந்தை கூடும் வில்யா கிரெஸ்போ சதுக்கத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே பெர்லா பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். கோட்டு கையில் மடித்துத் தொங்கியது. சனி சாயங்காலம், ஓய்வுநாள் முடிந்ததற்கு அடையாளமாக மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் கத்தரியை எடுத்து, ரஃபுவைப் பிரித்துவிடத்தான் உட்கார்ந்தாள். தைத்தது தவறு, திறந்துவிட வேண்டும், அதில் யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு திறப்பது? முழுக்கத் திறந்து, அதே கறுப்பு நூலில் அவள் போட்ட மாதிரியே கோணலாகத் தைத்துக் கொண்டுபோவதா? மகளின் கையெழுத்தைத் தான் போடுவது போல இருந்தது. கத்தரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

சதுக்கத்துக்கு எதிரில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து கோட்டை மடியில் விரித்தாள். பக்கத்தில் ஒரு கிழவர் புறாக்களுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் காலர் மடிப்பின் ஓரத்தைக் கண்ணால் தேடாமல் விரலால் எண்ணிக் கண்டுபிடித்தாள், இத்தனை பெண்களுக்குக் கண்டுபிடித்த மாதிரியே. கத்தரியை வைத்து ஒரே ஒரு வெட்டு. விரல் நுனி நுழைகிற அளவு. மீதி தன்னுடைய வேலை இல்லை, மகளுடையது.

ரோட்டைக் கடந்தாள். இரும்புக் கம்பிகளில் உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. நாலாவது கம்பியில், முதுகைக் காட்டிக்கொண்டு, மெல்லிய ஸ்வெட்டரில் ஒருத்தி. பின்கழுத்து தெரியக் குட்டை முடி. முதுகை வைத்து பெர்லாவால் நிச்சயம் சொல்ல முடியவில்லை, ஆறு வருடத்தில் தோள் கொஞ்சம் அகன்றிருந்தது. ஆனால் அவள் ஒவ்வொரு உடுப்பையும் மாட்டுவதற்கு முன்னால் கழுத்துப் பட்டனை மட்டும் போட்டுவிட்டு மாட்டினாள், தோள் சரியாமல் நிற்பதற்கு. அதைச் சொல்லிக் கொடுத்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

பெர்லா கூப்பிட வாயைத் திறந்தாள். எந்தப் பெயரைச் சொல்வது, வீட்டில் கூப்பிடும் பெயரா, முழுப் பெயரா என்று தெரியாமல் நின்றாள். முன்னால் நின்றவள் கம்பியைச் சரிசெய்தபடியே, கீழே பெட்டியிலிருந்து அடுத்த உடுப்பை எடுக்கத் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவினாள். குளிரில் சிவந்த கை.

பெர்லா அந்தக் கையில் கோட்டை வைத்தாள்.

விரல்கள் துணியைப் பிடித்தன. கம்பளி என்று தெரிந்து கொஞ்சம் தயங்கின. பிறகு மெதுவாக மேலே ஏறின, மரப் பட்டனைத் தாண்டி, மார்பைத் தாண்டி, ஒரு தடங்கலும் இல்லாத வழவழப்பில் நின்று, மறுபடியும் தேடி, காலர் மடிப்பை ஒட்டி அந்தச் சின்ன வெட்டுக்கு வந்து சேர்ந்தன. அங்கேயே இருந்தன.