மாடிப்படி ஜன்னலில் ஓர் ஆர்க்கிட்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது பெரியவளின் வேலை. நாள் முழுவதும் பிறருடைய பவரில் உலகத்தைப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்கும்போது, தெரு தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரியும். விளக்குகள் ஊறிப் பெருத்திருக்கும். எதிரே வருகிறவர்கள் மிதந்து வருவார்கள். கண் பழகுவதற்குள் வீடு வந்துவிடும்.

வீட்டில் கீழ்த்தளம் அவளுக்கும் கணவருக்கும். மேல்தளத்தில் கணவரின் தம்பியும் அவன் மனைவியும். அண்ணன் தம்பி இருவருமே பஸ் ஓட்டுபவர்கள். தம்பி மனைவிக்கு ஐம்பது நெருங்கியும் குடும்பத்தில் அவள் சின்னவள்தான். ஓரகத்திகள் ஒரே வீட்டில் ஒத்துப்போக மாட்டார்கள் என்று சொன்னவர்கள் வாயடைத்துப்போகும்படி இருவரும் இத்தனை வருஷமாக அக்கா தங்கை மாதிரி இருந்தார்கள். போன வருஷம்தான் பேச்சு நின்றுபோனது.

ஏன் நின்றது என்பது பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும். வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த ஆர்க்கிட் பூச்செடி ஒன்று அவளிடம் இருந்தது. வந்தபோது இருந்த வெள்ளைப் பூக்கள் உதிர்ந்த பிறகு அது இலை விட்டதே தவிரப் பூக்கவில்லை. ஒருநாள் சமைத்ததில் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். உள்ளே சின்னவள் தன் அம்மாவிடம் போனில் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்: "அக்கா கை வச்சது எது பூத்துச்சு, காய்ச்சுச்சு, இது பூக்கறதுக்கு?"

பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. கிண்ணத்தோடு அப்படியே இறங்கி வந்துவிட்டாள். அதன்பிறகு சொல்ல வேண்டியதையெல்லாம் கணவர் மூலமாகச் சொல்லியனுப்பினாள். சின்னவள் இரண்டு மூன்று முறை வந்து "என்னக்கா, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லையே" என்று பதில் வந்தது. பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

செடியைப் பூக்கவைத்தே தீருவது என்று பெரியவளுக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. தொட்டி மாற்றினாள். மரப்பட்டைத் துண்டுகளைக் கழுவிப் புதிதாக நிரப்பினாள். உரத்தை மருந்துபோல அளந்து ஊற்றினாள். குளிர் தாக்கிவிடும் என்று படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கைக்குழந்தையைப்போலப் பார்த்துக்கொண்டாள். இலைகள் கொழுகொழுவென்று பளபளத்தன.

"அதுக்கு என்ன குறைச்சல்? வேளாவேளைக்குச் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கு, என்னை மாதிரி" என்றார் கணவர்.

குளிர்காலம் தொடங்கியபோது படுக்கையறைக்கு வண்ணம் பூச ஆள் வந்தார்கள். நெடி படாமலிருக்கச் செடியை மாடிப்படித் திருப்பத்தில் இருந்த ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பூச்சு முடிந்த பிறகும் அதை உள்ளே எடுக்கவில்லை. அலுத்துப்போயிருந்தது. போகிற வருகிற வழியில் தண்ணீர் மட்டும் ஊற்றினாள்.

சில வாரம் கழித்து, ஒரு விடுமுறைக் காலையில், அடியிலைக்குக் கீழே பச்சையாக ஏதோ முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கடையிலிருந்து எடுத்துவந்திருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். புது வேராக இருந்தால் நுனி வெள்ளிப் பூச்சோடு மழமழவென்று உருண்டிருக்கும். இது அப்படியில்லை. குழந்தைக் கையுறைபோல ஒரு பக்கம் சின்ன மடிப்பு இருந்தது. லென்ஸுக்குள் அந்தப் பச்சை அவள் கண்ணை நிறைத்துக்கொண்டு வளர்ந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

செடிக்கடைக்காரியிடம் போய்ச் சொன்னாள்.

"பூத்தண்டுதான், சந்தேகமே வேண்டாம்" என்றாள் அவள். "ராத்திரில குளிர வச்சீங்களா?"

"இல்லையே. அந்த ஜன்னல் எப்பவும் சாத்தியேதான் இருக்கும்."

"அப்ப காத்து எங்கயிருந்தோ வந்திருக்கு. கதகதன்னு வச்சிருந்தா இது இலை விட்டுட்டே இருக்கும். சாயங்காலத்துக்கு மேல கொஞ்சம் நடுங்கணும். அப்பத்தான் தண்டு விடும்."

அடுத்த வாரம் பெரியவள் தலைவலி என்று கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பினாள். வெளியே மூடுபனி. வழக்கமான மங்கலோடு அதுவும் சேர்ந்துகொள்ள, பஞ்சுக்குள் நடப்பதுபோல நடந்து வந்து கதவைத் திறந்தாள். படிக்கட்டு முழுக்கச் சில்லென்று காற்று. ஏறிப் பார்த்தாள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. பனி புகையாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. செடிக்குப் பக்கத்தில், படியில், சின்னவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை, முகம் சிவந்து, தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

செடியைச் சாகடிக்கப் பார்க்கிறாளா என்று வாய்வரை வந்த வார்த்தை அப்படியே நின்றது.

"எத்தனை நாளா?" என்றாள் பெரியவள்.

சின்னவள் கண்ணைத் திறந்தாள். "மழைக்காலத்துலேர்ந்து. திடீர்னு உடம்பெல்லாம் தீ வச்ச மாதிரி எரியுதுக்கா. உள்ள உக்கார முடியல. அவருகிட்ட சொன்னா காய்ச்சலான்னு கேக்கறாரு."

"தீட்டு நிக்கற வயசுல எனக்கும் மூணு வருஷம் இருந்துச்சு. அவர் ஃபேன் ரிப்பேர்னு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு."

சின்னவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். நீங்க மூஞ்சி குடுத்துப் பேசினாத்தானே."

பெரியவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது. "என் கை வச்சது எது காய்ச்சுச்சுன்னு அம்மாகிட்ட சொன்னியே. கதவுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன்."

பனி இருவருக்கும் நடுவே படியிறங்கியது.

"செடியத்தான் சொன்னேன்" என்றாள் சின்னவள். பிறகு குரல் தாழ்ந்தது. "இல்ல. சொல்லும்போதே தெரிஞ்சுது. சிரிச்சு மழுப்பிட்டேன்."

பெரியவள் தலையாட்டினாள். வலித்தது. ஆனால் இத்தனை மாதம் தனியாகச் சுமந்ததை இன்னொருவர் வாயால் கேட்டதில், பாரத்தை எங்கோ இறக்கி வைத்ததுபோலவும் இருந்தது. சின்னவளின் கழுத்தில் மறுபடியும் சிவப்பு ஏறுவதைப் பார்த்து, கைப்பையிலிருந்த கண்ணாடிக் கடை விளம்பரத் தாளை மடித்து விசிறினாள்.

"பூக்கப்போகுது தெரியுமா?" என்றாள். "நீ ஜன்னலைத் திறந்ததாலதான்."

"நானா? எனக்கு எரிஞ்சுது, திறந்தேன். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து மாலையில் இருவரும் அந்தப் படியில் உட்கார்ந்தார்கள். சில நாள் பேசினார்கள். சில நாள் தண்டு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்தார்கள். ஒருநாள் பேச்சு பழைய இடத்துக்கே போய் இடித்துக்கொண்டது. பெரியவள் விருட்டென்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் மீண்டும் வந்தாள். அண்ணனும் தம்பியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வீடா இது, ஐஸ் பெட்டியா என்று புலம்பியபடி அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

மொட்டுகள் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டன. முதல் மொட்டு வெடிக்கும் நாள் தெரிந்துவிட்டது. நுனியில் வெள்ளைக் கீறல் விழுந்திருந்தது. அன்று பெரியவள் லீவு போட்டாள். சின்னவள் தலையணையோடு வந்தாள். மதிய வெயில் திறந்த ஜன்னல் வழியே விழுந்து படியெல்லாம் வெதுவெதுத்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சின்னவளின் தலை மெல்லச் சரிந்து பெரியவளின் தோளில் வந்து நின்றது. அதை நகர்த்த மனமில்லாமல் பெரியவளும் கண்ணை மூடினாள்.

விழித்தபோது ஒளி பக்கச் சுவருக்குப் போயிருந்தது. பூ முழுவதும் விரிந்திருந்தது. வெள்ளை இதழ்கள் காற்றில் லேசாக ஆடின.

"அய்யோ, பாத்தீங்களா?"

"இல்ல. நீ?"

"தூங்கிட்டேன்."

"நானும்தான்" என்றாள் பெரியவள். தோள் மரத்துப்போயிருந்தது.