நாற்பத்தொன்றிலிருந்து பூஜ்யம்

கோழி ஆலையில் வெர்லீனின் வேலை இறக்கை பிரிப்பது. கொக்கியில் தொங்கி வரும் கோழியின் தோள்மூட்டில் கத்தியைக் கொடுத்து ஒரு திருப்பு. நிமிஷத்துக்கு முப்பது கோழி, பதினேழு வருஷம். இப்போதெல்லாம் விடிகாலையில் எழுந்தால் வலது கையின் மூன்று விரல்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வெந்நீரில் கால்மணி நேரம் முக்கி வைத்துக் கெஞ்சினால்தான் மடங்கும். ஆலை மருத்துவர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னார், "இன்னும் ரெண்டு வருஷம் இதே வேலை பாத்தா, காப்பிக் கோப்பையத் தூக்கக் கூட ஆள் வெச்சுக்கணும்."

அதனால்தான் நாற்பத்தாறு வயதில் அவள் மாவட்டச் சமுதாயக் கல்லூரியின் வாசல்படி ஏறினாள். நர்ஸ் படிப்பில் சேர வேண்டும். அதற்கு முதலில் சைக்காலஜி அறிமுகப் பாடத்தில் 'பி' வாங்க வேண்டும். 'சி' வாங்கினால் இடம் இல்லை, மறுபடியும் கொக்கியும் கத்தியும்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பள்ளிச் சான்றிதழை நாற்பத்தொரு வயதில்தான் எழுதி வாங்கினாள். வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் படிப்பாள். ஒரு பக்கம் முடிவதற்குள் விரல் மரத்துப் போகும்.

வகுப்பு செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கு. ஒன்றரைக்கு ஆலையிலிருந்து வந்து, இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனாலும் கோழி வாடை கூடவே வரும். அவளுக்கு இரண்டு பக்கத்திலும் நாற்காலி காலியாகவே கிடக்கும். பின்வரிசையில் டெஸ்ஸா என்று ஒருத்தி, பத்தொன்பது வயசு, மூக்கில் வளையம். வெர்லீன் காதில் விழட்டும் என்றே பேசுவாள்.

"எனக்குத் திடீர்னு வறுத்த கோழி சாப்பிடணும் போல இருக்குடி. ஏன்னு தெரியல."

"மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறுதுன்னு சார் சொன்னாரே, அதுதான்" என்பாள் பக்கத்தில் இருப்பவள்.

முதல் இரண்டு பரீட்சையில் வெர்லீனுக்கு எழுபதும் எழுபத்திரண்டும் வந்தன; 'பி'க்கு எழுபத்தைந்து வேண்டும். வாத்தியார் பெல்ஃப்ரி நல்ல மனிதர்தான், ஆனால் மதிப்பெண்ணில் இரக்கம் காட்டுகிற ஆள் இல்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை அவர் பழக்கம் எப்படி நின்றுபோகிறது என்ற பாடத்தை எடுத்தார். பலன் கிடைக்கிற வரைக்கும்தான் ஒரு பழக்கம் நீடிக்கும். பலனை நிறுத்திவிட்டால் பழக்கம் தானாகச் சாகும். நிற்பதற்கு முன்னால் ஒருதரம் கடுமையாகக் கூடும். அப்போது இளகிவிட்டால் எல்லாம் பாழ்.

"யாராவது ஒரு உதாரணம் சொல்லுங்க."

வெர்லீன் வாழ்க்கையில் முதல் தடவையாக வகுப்பில் கையைத் தூக்கினாள்.

"எங்கப்பா வேட்டை நாய் வளத்தவரு சார். புதுக் குட்டி வந்தா பட்டியில தனியாப் போட்டுடுவாரு. அது கத்தும். நாங்க போய்த் தூக்கிட்டா பெல்ட்டால அடிப்பாரு. மூணாம் நாள் தொண்டை கிழியக் கத்தும். ஆறாம் நாள் சத்தமே இருக்காது. அப்புறம் ஆயுசுக்கும் கத்தாது."

பெல்ஃப்ரி சுண்ணக்கட்டியை மேஜைமேல் வைத்தார். "புத்தகத்துல நாலு பக்கம் எழுதியிருக்கறத இவங்க நாலு வரியில சொல்லிட்டாங்க. கேட்டுக்குங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை அவள் வண்டிக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் செய்முறை வேலை வந்தது. மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு. ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, நான்கு வாரம் எண்ணி, மாற்றி, வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். சொந்தப் பழக்கமாக இருக்கலாம், வளர்ப்பு மிருகத்தினுடையதாக இருக்கலாம், வீட்டு மனிதருடையதாகவும் இருக்கலாம். மனிதரென்றால் சம்மதக் கையெழுத்து வேண்டும். டெஸ்ஸா நகம் கடிப்பதை எடுத்துக்கொண்டாள். பாதிப் பேர் நாயை எடுத்துக்கொண்டார்கள்.

வெர்லீன் வீட்டில் இப்போது நாய் கிடையாது. ஹோபர்ட் இருந்தார். அவளுடைய அப்பா. எழுபத்தெட்டு வயசு. போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடப்பார். பகலில் சர்ச்சுக்காரம்மா ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் மகளைக் கூப்பிடுவதே அவருக்கு வேலை.

"என்ன காகிதம் இது?"

"காலேஜ் காகிதம்ப்பா. இங்க ஒரு கையெழுத்து."

"நீ நர்ஸாயிட்டா எனக்கு ஊசியெல்லாம் ஓசியா?"

"போடுங்கப்பா."

கண்ணாடி எங்கே என்று அவர் கேட்கவில்லை, அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. போட்டார்.

பெல்ஃப்ரி திட்டத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தேவைக்குக் கூப்பிடறதையும் தேவையில்லாமக் கூப்பிடறதையும் பிரிச்சுடுவீங்களா?"

"பிரிச்சுடுவேன் சார்."

முதல் வாரம் வெறுமனே எண்ண வேண்டும். சமையலறை மேஜையில் புத்தகத்தோடு உட்கார்ந்து, ஐந்து மணியிலிருந்து எட்டு வரைக்கும் கோடு போட்டாள். தண்ணி. ஜன்னலை மூடு. ஜன்னலைத் திற. சேனலை மாத்து. கால் சில்லுங்குது. பிறகு, "வெர்லீன்!" என்று ஒரு சத்தம், ஓடிப் போனால், "ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."

இந்தக் கடைசி வகைதான் அதிகம். 'தேவையில்லை' என்ற பத்தியில் அதைப் போட்டாள். சராசரி, ஒரு சாயங்காலத்துக்கு நாற்பத்தொன்று.

இரண்டாம் வாரம் திட்டம் தொடங்கியது. ஆறு மணிக்கு ஒருதரம், எட்டு மணிக்கு ஒருதரம், கடிகாரத்தைப் பார்த்து அவளாகப் போவாள். நடுவில் கூப்பிட்டால் போக மாட்டாள். போகிற நேரத்திலும் பேச்சு கிடையாது. பேச்சும் ஒரு பலன்தான் என்று புத்தகம் சொல்லியிருந்தது.

தேவையா இல்லையா என்று சமையலறையில் உட்கார்ந்து எப்படிப் பிரிப்பது? சத்தம் ஒரே சத்தம்தான், அவள் பேர்தான். இரண்டு நாள் காதைத் தீட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பிரிக்கிற வேலையை விட்டுவிட்டாள்.

ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று.

"வெர்லீன்! ஏ பிள்ளை! செத்துட்டியா? வெர்லீன்!" மகள் பேர் பலிக்கவில்லை என்றதும், ஒன்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன பெண்டாட்டியைக் கூப்பிட்டார். "ஓனா! இவள என்னன்னு கேளு ஓனா!" அதற்கும் யாரும் வரவில்லை.

ஆலையில் காதுக்கு வைத்துக்கொள்ளும் ஆரஞ்சு நிறப் பஞ்சு அவள் பையில் கிடந்தது. ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டாள். இரண்டிலும் வைத்தால் எண்ண முடியாது.

எழுபத்தொன்று வந்த அன்றைக்கு ஆறு மணிக்குப் போனபோது படுக்கை ஈரம்.

"சொன்னேம்மா. கத்துகத்துன்னு கத்தினேன். பிடிக்க முடியல."

அவள் வாய் திறக்காமல் விரிப்பை உருவினாள், அவரைப் புரட்டித் துடைத்தாள், காய்ந்த விரிப்பைப் போட்டாள், வெளியே வந்தாள். வரைபடத்தில் கோடு புத்தகத்தில் இருந்தபடியே செங்குத்தாக ஏறியிருந்தது. அதைப் பார்க்கையில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் எழுதியது எதுவும் அதற்கு முன் புத்தகம் மாதிரி இருந்ததில்லை.

மூன்றாம் வாரம் ஒருநாள் தலையணையைச் சரிசெய்து கொண்டிருந்தபோது ஹோபர்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது நான் ஜென்னிக்குச் செஞ்சதுல்ல?"

ஜென்னி அவருடைய நாய்களிலேயே கெட்டிக்காரி. வெர்லீன் தலையணையைத் தட்டி வைத்தாள். பேசக் கூடாது என்பது விதி.

"அதான பாத்தேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், பாதி வாய்தான் சிரித்தது. "நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கே பிள்ளை."

அதற்குப் பிறகு முப்பது. பன்னிரண்டு. நாலு. நான்காம் வாரம் திங்கட்கிழமை பூஜ்யம்.

இனி அமைதிக்குப் பலன் கொடுக்கலாம். அன்று எட்டு மணிக்கு ஆப்பிள் கேக் ஒரு துண்டும் காப்பியும் எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டெஸ்ஸா பற்றி, பெல்ஃப்ரி பற்றியெல்லாம் பேசினாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தின்றார். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ்ம்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

செவ்வாய், பூஜ்யம்.

புதன்கிழமைதான் கடைசிக் கட்டம். வியாழக்கிழமை மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அன்று ஆலையில் இரண்டு பேர் வராததால் மூன்று மணி வரைக்கும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வந்ததும் துணி உலர்த்தும் இயந்திரத்தைத் தட்டிவிட்டாள், பீன்ஸை அடுப்பில் ஏற்றினாள், மேஜையில் உட்கார்ந்தாள். இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அறை டிவியின் முணுமுணுப்பைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. எவ்வளவு நல்லா இருக்கு என்று நினைத்தாள். அப்படியே மேஜைமேல் தலை சாய்ந்துவிட்டது. ஆறு மணி போனது தெரியாது.

ஏழரைக்கு பீன்ஸும் சோள ரொட்டியுமாகக் கதவைத் திறந்தாள். படுக்கை காலி. ஹோபர்ட் படுக்கைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். வலது கால், கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் விழித்திருந்தது. கீழ் உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் தாடையில் காய்ந்திருந்தது.

"அப்பா! எப்ப விழுந்தீங்க?"

"டிவியில நியூஸ் தொடங்கிச்சு." நியூஸ் ஐந்தரைக்கு.

"ரெண்டு மணி நேரமா... ஏம்ப்பா கூப்பிடல? நான் இங்கதான இருந்தேன்?"

இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று புரியாத மாதிரி அவர் அவளைப் பார்த்தார்.

"கூப்பிட்டா வரமாட்டியே" என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்கிற குரல்.

இடுப்பு எலும்பு இரண்டு துண்டு. மறுநாள் இரண்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு இருபதுக்கு அவள் மருத்துவமனை நடையில் உட்கார்ந்து மடியில் வரைபடத்தை விரித்தாள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. விழுந்ததை எழுதினால் பெல்ஃப்ரி கேட்பார். 'பிரிச்சுடுவேன்னு சொன்னீங்களே' என்பார். 'சி'. அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மூன்று விரல் மடங்கவில்லை.

புதன்கிழமை ஐந்திலிருந்து எட்டு வரை ஹோபர்ட் எத்தனை தடவை கூப்பிட்டார்? கட்டம் கேட்பது அவ்வளவுதான். பூஜ்யம் போட்டாள். அதில் பொய்யே கிடையாது. போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். வகுப்புக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகவே போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெல்ஃப்ரி அவளுடைய வரைபடத்தைத் திரையில் போட்டார். பேர் இல்லை; 'எச்' என்ற எழுத்து மட்டும். குச்சியால் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தொட்டுக் காட்டினார்.

"இருபது வருஷமாப் பாடம் எடுக்கறேன். இவ்வளவு சுத்தமான கோடு பாத்ததில்ல. தொண்ணூத்தாறு. நாலு மார்க் ஏன் குறைச்சேன்னா, நின்னுபோன பழக்கம் கொஞ்ச நாள் கழிச்சு, வேற இடத்துல, மறுபடி தலைதூக்குதான்னு பாத்திருக்கணும். அது ஒண்ணுதான் பாக்கி."

எல்லாரும் கை தட்டினார்கள். டெஸ்ஸா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, முதல் தடவையாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சூப்பர் அக்கா. எங்க வீட்டு நாய் உயிரை வாங்குது. உங்களது என்ன நாய்?"

வெர்லீன் திரையைப் பார்த்தாள்.

"வேட்டை நாய்" என்றாள். "வயசானது."

கணக்குப் போட்டுப் பார்த்தாள்: 'பி', அதற்குமேல் இரண்டு மதிப்பெண் மிச்சம். நேரே மருத்துவமனைக்குப் போனாள். மாடியில் நர்ஸ் ஒருத்தி, வெர்லீன் வயசுதான் இருக்கும், ஈரத் துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹோபர்ட் மகளா நீங்க? தங்கமான மனுஷன்ங்க. மத்த ரூம்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் மணியை அமுக்குறாங்க. இவரு வந்து ஆறு நாளாச்சு, ஒருதரம் கூட அமுக்கல. படுக்கை நனைஞ்சாக்கூட நாங்களாப் பாத்தாத்தான் உண்டு."

உள்ளே ஹோபர்ட் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். தண்ணீர்க் குவளை கைக்கு எட்டாத மேஜையில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. மணி அழுத்தும் பொத்தான் கம்பியோடு கட்டில் ஓரத்தில் தொங்கியது. வெர்லீன் அதை எடுத்து அவர் வலது கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மடக்கினாள்.

"அப்பா, இதை அமுக்குங்க. அமுக்கினா வருவாங்க. இவங்க நிச்சயமா வருவாங்கப்பா. நான் வெளிய நிக்கறேன், நானும் வரேன். ஒருதரம் அமுக்குங்க."

"சரிம்மா" என்றார் அவர், மரியாதையாக.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் ஒரு சின்ன விளக்கு. உள்ளே அமுக்கினால் மேலே எரியும். நடை முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிவதும் அணைவதுமாக இருந்தது. நர்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெர்லீன் எதிர்ச்சுவரில் சாய்ந்து, அப்பாவின் கதவுக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணி ஐந்து. பார்வையாளர் நேரம் எட்டோடு முடியும். பையிலிருந்து பென்சிலை எடுத்திருந்ததே அவளுக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

எட்டு மணி வரைக்கும் நின்றாள். கோடு போட வேண்டியிருக்கவில்லை.