ஈர மணல்

லாரியில் மணல் ஏற்றினால் தார்ப்பாய் போட்டுக் கட்ட வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது வெட்டி வேலை. ஏறி விரித்து நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்ட அரை மணி நேரம் போய்விடும். அதனால் குழாயைப் பிடித்து மேலே தண்ணீர் அடித்துவிடுவேன். ஈர மணல் பறக்காது. பதினாறு வருஷ சர்வீஸ் என்று மார்தட்டிக்கொள்வேன்.

அன்று ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. உச்சி வெயில். மேல்மணல் காய்ந்திருக்கும் என்று தோன்றியது. தோன்றியும் நான் இறங்கவில்லை. கேட் திறந்ததும், விட்ட நேரத்தைப் பிடிக்க ஒரே மிதி. பின்னால் ஒரு பைக் விடாமல் ஹாரன் அடித்தது. இந்த மகராசனுக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரமோ, முடிந்தால் முந்திக்கொண்டு போகட்டும் என்று திட்டினேன். கொஞ்ச தூரத்தில் சத்தம் நின்றது. சனியன் ஒழிந்தது என்றேன்.

அந்த வார்த்தை இன்னும் நாக்கில் கசக்கிறது.

சாயங்காலம் தங்கை போன் செய்து அழுதாள். அவள் புருஷன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டாராம். ஏதோ மணல் லாரியாம், கண்ணெல்லாம் மண்ணாம். எந்த ரோடு, எத்தனை மணி என்று கேட்டேன். அவள் சொன்னது நான் வந்த அதே ரோடு, அதே நேரம்.

மாப்பிள்ளை தையல்காரர். மூன்று வாரம் நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன், ஒரு வார்த்தை வாய் திறக்காமல். கட்டுப் பிரித்தபோது வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

நேற்று எப்படியும் சொல்லிவிடுவது என்று அவர் கடைக்குப் போனேன். ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டி, கோத்துத் தரச் சொன்னார்.

"மாப்ள, அன்னைக்கு அந்த லாரி..."

"தெரியும் மச்சான். பத்து வண்டிக்குப் பின்னாடிதான் நின்னேன். கேட் திறந்ததும் உங்க வண்டியிலேர்ந்து மண்ணு பறந்துச்சு. போலீஸ் பிடிச்சிரப் போறான்னு சொல்லத்தான் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தேன்."

போலீஸ் கேட்டபோது லாரி நம்பரைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்கு இருக்கிறது ஒரே அண்ணன்."

துணியை மடியில் வைத்துக்கொண்டு ஊசிக்காகக் கை நீட்டினார். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் எனக்கு ஊசியின் காது தெரியவில்லை.