இருபத்தேழு புள்ளி நான்கு டிகிரி

...எடுத்து வைத்தது நினைவிருக்கிறது, திரும்ப ஒட்டியதுதான் நினைவில் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவுவதற்காக வெப்ப உணரியின் கம்பியைப் பாம்பின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து உருவி ஜன்னல் விளிம்பில் வைத்தாள் ஹியாம், ஒன்பது மணி, மின்சாரம் போகும் நேரம், பாடம் நடத்தப் பள்ளிக்கும் நேரமாயிற்று, பிறகு... பிறகு என்ன செய்தாள்? பெய்ரூத் மழையில் வீடு திரும்பும் டாக்சி நகரவில்லை, மணி ஒன்று இருபது, இரண்டு மணிக்கு மின்சாரம் வந்துவிடும், வந்ததும் பெட்டிக்கு அடியிலுள்ள வெப்பப் பாய் சூடேறத் தொடங்கும், முப்பத்திரண்டு டிகிரியில் அதை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டோ ஜன்னல் பளிங்கின் பதினொரு டிகிரியைப் பெட்டியின் குளிர் என்று நம்பி நிறுத்தாமலே இருக்கும்; ஸுமாக் நகராது, அந்த மூன்றடி மலைப்பாம்பு வயிறு வெந்தாலும் படுத்த இடத்திலேயே கிடக்கும், செதில் உரிந்து சிவந்த பாம்பொன்றின் புகைப்படத்தைப் பாம்பு வளர்ப்போர் குழுவுக்கு அனுப்பி எல்லோரையும் எச்சரித்தவளே இவள்தான், எச்சரித்தவள்!

"என்னக்கா, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"வீட்டுல பாம்பு இருக்கு."

"மாமியாரா?"

சிரிக்க வேண்டிய இடம், சிரிப்பு வரவில்லை. ஓர் அழைப்பில் தீரும் விஷயம், ஃபாதி மருந்துக்கடைக்குக் கிளம்ப ஒன்றரை ஆகும், ஆனால் கணவனும் மனைவியும் பேசி ஒன்பது நாளாகிறது... "இந்த வீட்டுல பாம்புக்கு மட்டுந்தான் கதகதப்பு" என்றான் அவன், "பாம்பு வாயத் தொறக்காதே, அதான்" என்றாள் இவள், அன்றிலிருந்து அவனும் திறக்கவில்லை. யார் முதலில் பேசுவது, ஸுமாக் வெந்த பிறகு யார் பேசி என்ன? அழைத்தாள்.

"ஃபாதி, பாம்புப் பெட்டி ப்ளக்கக் கொஞ்சம்..."

"கம்பிதானே? ஜன்னல்ல கெடந்துச்சு. காலையிலேயே பழைய எடத்துல ஒட்டிட்டேன்."

"ஓ."

"கரண்ட் போனதும் சுடுதண்ணி பாட்டிலும் வச்சிட்டேன், துண்டு சுத்தி. கெளம்பறப்ப எடுத்துருவேன், எப்பவும் போல."

எப்பவும் போல... அவன் போனை வைத்துவிட்டான், அவளும் வைத்தாள். அப்படியானால் அந்தத் தெர்மாகோல் தகடுகள்? பெட்டியின் மூன்று பக்கமும் அளவெடுத்து ஒட்டிய தகடுகள்தாம் ஐந்து மணி நேர மின்வெட்டிலும் வெப்பத்தைக் காக்கின்றன என்று குழுவில் விளக்கினாளே, மின்சாரம் வருமுன் வீடு திரும்பி நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதினாளே, இருபத்தேழு, இருபத்தாறு புள்ளி எட்டு, இருபத்தேழு... குளிர்காலம் முழுவதும் எழுதியது எதன் வெப்பம்? தொடவே பயம் என்றவன் கையை உள்ளே விட்டானா? எந்த நாளிலிருந்து என்று கேட்டிருக்கலாம்.

"பாம்பு பொழச்சிருச்சாக்கா?"

"பொழச்சிருச்சு."

"மாமியார்னா இப்படிச் சட்டுனு பதில் வராது."

இந்த முறை சிரித்தாள், சிரித்துக்கொண்டே பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள், எட்டு நாள் பின்னோக்கிப் புரட்டினாள். சண்டைக்கு மறுநாள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வீட்டைவிட்டு வெளியேறிய அந்த நாள், அவளுடைய சீரான கையெழுத்தில் இருபத்தேழு புள்ளி நான்கு, அந்த மாதத்திலேயே மிக அதிகம்... ஏன் அன்றைக்கு மட்டும் பாட்டிலில் அவ்வளவு சூடு?